கிரண் வாசிக்காத ஆல்பம்

யசோதரா அந்தப் பேரை முதன்முதலாகக் கேட்டது ஒரு வசவில்தான். விடிவதற்கு முன்னே தங்கச் சுரங்க ஊரான மாரிக்குப்பத்தில் கிளம்பி பெங்களூர் போகிற ரயில். அவள் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி, வழக்கமான ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடியிருந்தாள். எதிர் சீட்டில் யாரோ இரண்டு விரலால் எதையோ தட்டிக்கொண்டே வந்தார்கள். வண்டி தண்டவாளம் மாறும்போதெல்லாம் அந்தத் தட்டலும் கூடவே மாறியது. பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்த ஈவ்லின் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“டேய் கிரண்! கை அரிச்சா செவுத்துல தேச்சிக்கோ. எந்தலமேலயா கொட்டடிக்கிற?”

“உந்தலையில அடிச்சா சத்தம் வராதுக்கா. உள்ள ஒண்ணும் இல்லயே.”

பெட்டியே சிரித்தது. யசோதரா கண்ணைத் திறந்தாள். தோள்வரைக்கும் முடி வளர்த்த ஒரு பையன். அவன் தட்டிக்கொண்டிருந்தது ஜன்னலோரம் அவள் வைத்திருந்த அவளுடைய டிபன் பாக்ஸை.

“இது என்னுது,” என்றாள்.

“தெரியுங்க. நல்ல மூடி.”

“உள்ள புளிசோறு இருக்குது.”

“அதான் சத்தம் கெட்டியா வருது.”

இப்படித்தான் ஆரம்பித்தது. அவள் ஒயிட்ஃபீல்டு பக்கம் தையல் கம்பெனியில், அவன் அதே ஊரில் ஒரு கூரியர் கிடங்கில். தினம் ஒரே வண்டி, ஒரே பெட்டி. டிபன் பாக்ஸ் அவளுடையது, தட்டல் அவனுடையது. அடுத்த தை மாதம் இருவருக்கும் கல்யாணம். அவள் வீடு கோரமண்டல் பக்கத்தில் நந்திதுர்க்கில். தாத்தா காலத்திலேயே புத்தரைக் கும்பிட ஆரம்பித்த குடும்பம். கிரண் வீட்டில் மாரியம்மன். அதனால் புத்த விகாரையில் பிக்கு ஓதி முடித்ததும் மாமியார் கிருஷ்ணம்மா தன் பங்குக்குத் தாலியும் கட்டவைத்துதான் அழைத்துப்போனாள்.

கிரணின் குடும்பத்தைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். அவன் அப்பா வழியெல்லாம் குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள். பாலகாட்டில் சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் குடியிருப்பு. சுரங்கத்தை மூடிய கையோடு அவன் அப்பாவும் நெஞ்சில் தூசியோடு போய்ச் சேர்ந்தார். அப்போது கிரணுக்கு மீசை முளைக்கவில்லை. இரண்டு வரிசை தள்ளி ராமசாமி பெரியப்பாவும் அவர் பெண்சாதி கன்னியம்மாவும் இருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. உறவு முறையில் பங்காளி. கிரண் அப்பாவுக்குப் பெரியப்பா மகன்.

அந்த ராமசாமிக்கு முடியென்றால் உயிர். வாசனை எண்ணெய் போட்டு, நடுவகிடு எடுத்து, ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து கேஜ் என்கிற கூண்டில் ஏறி மேலே வந்ததும் முதல் வேலையாகச் சீப்பை எடுக்கிற ஆள். தம்பி செத்ததற்குப் பதினாறாம் நாள், பேத்தமங்களா ஏரிக்கரையில் நாவிதர் முன்னால் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவர் அவர்தான். சுருள் சுருளாக முடி மண்ணில் விழுந்ததைக் கிரண் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அவனை மடியில் உட்காரவைத்து, “உனுக்கும் போடணும்டா கண்ணு. அழாத. நானே போட்டுக்கினேன் பாரு,” என்றார். வேறு எது மறந்தாலும் அது கிரணுக்கு மறக்கவில்லை. யசோதராவிடம் கல்யாணமான புதிதில் சொன்ன கதைகளில் அதுதான் முதல் கதை.

கொட்டு பழகினது மாரியம்மன் திருவிழாவில் பேண்டு செட்டோடு ஓடி ஓடித்தான். பிறகு நந்திதுர்க்கில் இருந்த கூட்டாளி பரத் வீட்டுக்கு ஒரு பழைய ட்ரம் செட் வந்து சேர்ந்தது. பரத் கிட்டார் வாசிப்பான். ரயில் சிநேகத்தில் பெங்களூர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ராக் பாட்டு. பேண்டுக்கு ‘செகண்ட் ஷிப்ட்’ என்று பேர் வைத்தது கிரண். வேலை முடிந்த பிறகுதானே இவர்களுக்கு வாசிப்பு.

பெங்களூரில் சிரில் என்று ஒருத்தர். ‘மங்கி கேப் ரெக்கார்ட்ஸ்’ என்று சொந்தமாக ஒரு சின்னக் கம்பெனி நடத்தினார். பெரிய கம்பெனிக்காரர்கள் ஏறெடுத்தும் பார்க்காத ராக் பேண்டுகளாகத் தேடிப் பிடித்து, வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா ஆல்பத்தையும் ஒரே நாளில் வெளியிடுவார். ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று ஜோடிக்குத் தாலி கட்டுகிற மாதிரி. அந்த வருஷம் மூன்று பேண்டு. அதில் ஒன்று செகண்ட் ஷிப்ட்.

விஷயத்தைக் கிரண் வீட்டில் சொன்னபோது கிருஷ்ணம்மா, “ஆல்பம்னா போட்டோவா? பந்தல் போட்டு எடுப்பாங்களா?” என்று கேட்டாள்.

“பாட்டும்மா. நாங்க வாசிச்ச பாட்டு. உலகம் பூரா கேக்கும்.”

“இந்த லைன் பூரா ஏற்கெனவே கேட்டுக்கினுதான் இருக்குது. யாரும் நல்லா சொல்லல.”

முதல் பாட்டின் தொடக்கத்தில் வேறு எந்த வாத்தியமும் கிடையாது. கொட்டு மட்டும்தான். கோரமண்டல் தாண்டி வண்டி தண்டவாளம் மாறுகிற இடத்தில் யசோதராவின் டிபன் பாக்ஸ் மூடியில் அவன் தட்டிய அதே தட்டல். அவளுக்கு ராக் எல்லாம் தெரியாது. ஆனால் பரத் வீட்டில் அதைக் கேட்டபோது புளிசோறு வாசனை வந்தது என்று சொல்லிச் சிரித்தாள்.

பையப்பனஹள்ளிக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ பேசி, நாளும் குறித்தாகிவிட்டது. அந்த வாரத்தை விட்டால் அடுத்த பேண்டு உள்ளே வந்துவிடும். இவர்கள் முறை வருவதற்கு மூன்று நாள் முன்னால் ராமசாமி பெரியப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

சாவு வீட்டில் கிரண்தான் எல்லாம். கொள்ளி வைத்ததும் அவனே. திரும்பி வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தவனிடம் கிருஷ்ணம்மா சொன்னாள்:

“பங்காளி சாவு. கருமாதி முடியற வரைக்கும் நல்லது கெட்டதுக்குப் போவக்கூடாது. கொட்டுல கை வைக்கக்கூடாது. வேலைக்கு வேணா போ, வவுறு இருக்குது.”

யசோதராவுக்குத் தாங்கவில்லை. “அத்த, எங்க தாத்தா செத்தப்போ பிக்கு வந்து ஓதினாரு. மறுநாளே எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாத்தோம். தீட்டெல்லாம் நாங்க பாக்கறதில்ல.”

“உங்க ஊட்டு சட்டம் உங்க ஊட்டோட இருக்கட்டும்மா. உன் ஊட்டுக்காரன் கொள்ளிச்சட்டி தூக்கினவன்.”

அவள் கிரணைப் பார்த்தாள். அவன் ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டான். ராத்திரி படுத்த பிறகுதான், “எங்க நைனாவுக்கு அவரு மொட்ட போட்டாரு யசோ,” என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் சிரிலுக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் யசோதராவும் கேட்டாள்.

“பதினாறு நாளா? யாருப்பா தவறினது, அப்பாவா?”

“பெரியப்பாங்க.”

“கூடப் பொறந்த பெரியப்பாவா?”

“இல்ல சார். பங்காளி.”

சிரில் கெட்ட மனுஷர் இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார். “ரெண்டு நாளு தள்ளலாம் கிரண், பதினாறு நாள் என்னால முடியாது. மூணு பேண்டும் ஒரே நாள்ல வரணும். நீ வந்து வாசிச்சிட்டுப் போயிடு, யாருக்கும் சொல்ல வேணாம்.”

“எனக்குத் தெரியுமே சார்.”

ஷெர்வின் என்று ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். பெங்களூர்ப் பையன், சர்ச்சில் வாசிக்கிறவன். பரத் தன் போனில் பதிந்துவைத்திருந்ததையெல்லாம் கேட்டு, கிரண் அடித்ததை அப்படியே பிடித்துக்கொண்டானாம். இதையெல்லாம் பரத்தான் ரயிலில் வந்து சொன்னான். சொல்லும்போது கிரண் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அந்த நாட்களில் கிரணும் அதே வண்டியில்தான் போனான். ஒயிட்ஃபீல்டில் இவன் இறங்குவான். பரத் அதே வண்டியில் ஸ்டுடியோவுக்குப் போவான். வண்டி கிளம்பிப் போகிறவரைக்கும் கிரண் பிளாட்பாரத்தில் நிற்பான். யசோதரா கையைப் பிடித்து இழுத்தால்தான் நகர்வான். டிபன் பாக்ஸ் அவள் மடியிலேயே இருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, வண்டிக்குக் கிளம்புமுன் யசோதரா கன்னியம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். கிழவி மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

“கிரண் இன்னா கையக் கட்டிக்கினு உக்காந்துகிறான்? அந்த டம் டம்மெல்லாம் காணோமே?”

“கருமாதி வரைக்கும் கொட்டு தொடக்கூடாதாம் பெரியம்மா. அத்த சொல்லிட்டாங்க. இன்னைக்குப் பாட்டு பதியறாங்க, இவுரு போகல.”

கன்னியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி கெட்டியாக இருந்தது. “யசோதா, அவன் எனக்கு…” என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துக் கிருஷ்ணம்மா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். கிழவி கையை விட்டுவிட்டு, “கஞ்சில உப்பு கம்மி,” என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே திரும்பி வந்து, என்ன சொல்ல வந்தீர்கள் என்று யசோதரா கேட்டிருக்கலாம். ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பு. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். மறுநாள் அது நினைப்பிலேயே இல்லை.

பதினாறாம் நாள் காலை பேத்தமங்களா ஏரிக்கரை. இந்தத் தடவை நாவிதர் முன்னால் முதல் ஆளாகக் கிரண் உட்கார்ந்தான். மேடையில் ஆட்டி ஆட்டி வாசிப்பானே அந்த முடி, ஒரு மழிப்பில் போனது. வீட்டுக்கு வந்தபோது யசோதராவுக்கே ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. பரத்தும் வந்திருந்தான். “மச்சி, பெரியப்பா உன்னப் பாத்தா சீப்பக் குடுத்துட்டுப் போயிருப்பாரு,” என்றான். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

பிறகு கோடி போடுகிற வேளை வந்தது. தாலியறுத்தவளுக்குப் பிறந்த வீட்டுச் சேலைதான் முதலில் போட வேண்டும். ஊர்ப் பெரியவர் கூடத்தில் நின்று, “பொறந்த ஊட்டுக் கோடி யாரு?” என்று கேட்டார். யாரும் நகரவில்லை. கன்னியம்மாவுக்குப் பிறந்த வீட்டில் ஒருவரும் இல்லை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். வாழ்நாளெல்லாம் அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள். கிருஷ்ணம்மா, “அக்காவுக்கு யாரும் இல்லங்க. நாங்களே போட்டுடறோம்,” என்று சேலையை எடுத்தாள்.

கன்னியம்மா தலையைத் தூக்கினாள்.

“யாரும் இல்லன்னு யாருடி சொன்னது? அதோ மொட்ட போட்டுக்கினு நிக்கிறானே, அவந்தான் எம்பொறந்த ஊடு.”

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள். கிருஷ்ணம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, “இன்னாக்கா சொல்ற?” என்று தோளைத் தொட்டாள்.

கிழவி சொன்னாள். சத்தம் போடாமல், நிறுத்தி நிறுத்தி. ராமசாமி என்பது அவள் அண்ணன். கூடப் பிறந்தவன். சுரங்கத்தில் வேலை கிடைத்து, உள்ளே இறங்குவதற்கான பாஸும் கைக்கு வந்து, ஊருக்குச் சொல்லப் போனவன் காய்ச்சலில் செத்துப்போனான். வீட்டில் அடுப்பெரிய வழியில்லை. பேரில் வந்த வேலையை விட மனசில்லை. தங்கச்சியைக் கட்டின மாப்பிள்ளையை அந்தப் பாஸோடு அனுப்பிவிட்டார்கள். அவர் சொந்தப் பேர் ராஜப்பா. சுரங்க வாசலில் பேர் கேட்டபோது ராமசாமி என்றார். அன்றிலிருந்து சாகிறவரைக்கும் ராமசாமிதான். அந்தக் காலத்தில் இப்படி ஒருத்தர் பேரில் இன்னொருத்தர் இறங்கினது இவர் ஒருவர் மட்டுமா? விஷயம் தெரிந்த பெரியவர்களெல்லாம் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

“எங்கண்ணன் பேருல எம்புருஷன். நான் வாயத் தொறந்து யார்கிட்ட சொல்லுவேன்? உம்மாமனாருக்குத் தெரியும், உம்புருஷனுக்கும் தெரியும் கிருஷ்ணா. சாவறப்பகூட அவன் வாயத் தொறக்கல.”

கன்னியம்மா புருஷன் பேரை வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. புருஷன் பேரைச் சொல்லக் கூடாதென்ற மரியாதை என்றே லைன் முழுக்க நினைத்திருந்தது.

கிரண் அவள் முன்னால் வந்து குந்தினான். “அப்போ அவரு எனக்குப் பெரியப்பா இல்லயா?”

“மாமன்டா. நான் உனக்கு அத்த.”

“மாமன் செத்தா எத்தன நாளு?”

“மூணு நாளு. முழுகிட்டு உன் வேலையப் பாத்திருக்கலாம்.”

கிருஷ்ணம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். கிரண் தன் மொட்டைத் தலையை ஒரு தடவை தடவினான். கோபம் வரும் என்று யசோதரா பயந்தாள். வரவில்லை. “முன்னமே சொல்லியிருக்கலாமே,” என்று மட்டும் கேட்டான்.

“சொல்லத்தான் வந்தேன். அப்பறம் அவரு கேட்டது ஞாபகம் வந்துச்சு. ‘அவங்க நைனாவுக்கு நான் போட்டேன், எனக்கு மொட்ட போட ஆளு இருக்குமா கன்னி’ன்னு கேட்டாருடா. பங்காளி பேர வாங்கிக்கினு அதுக்கு உண்டானதெல்லாம் செஞ்ச மனுஷன். அவருக்கு ஒரு மொட்ட கெடைக்கட்டும்னு கம்முனு இருந்துட்டேன். பாட்டுதானே, இன்னொரு நாளு அடிச்சிக்கலாம்னு நெனச்சேன்.”

கிரண் எழுந்து, அம்மா கையிலிருந்த சேலையை வாங்கி, கன்னியம்மா தோளில் போர்த்தினான். பிறந்த வீட்டுக் கோடி. பிறகு வெளியே போய்ப் பரத்திடம், “ரெக்கார்டிங் எப்போ முடியுது?” என்று கேட்டான்.

“போன வாரமே முடிஞ்சிடுச்சி மச்சி.”

நாலாம் நாள் போயிருந்தால்கூட நேரம் இருந்தது. யசோதரா வாசற்படியில் நின்று அதைக் கேட்டாள். தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். அன்றைக்குக் கிழவி பிடித்த இடம்.

ஆல்பம் வெளியிட்ட அன்று இந்திரா நகரில் ஒரு மாடியில் கூட்டம். கிரண் தொப்பி போட்டுக்கொண்டு போனான். யசோதராவும் கூடப் போனாள். முதலில் மற்ற இரண்டு பேண்டும் வாசித்தார்கள். பிறகு செகண்ட் ஷிப்ட். விளக்கை அணைத்ததும் முதலில் வந்தது கொட்டு. அவளுடைய டிபன் பாக்ஸ். ஊர்ப் பேர் தெரியாத பிள்ளைகளெல்லாம் அதற்குத் தலையை ஆட்டினார்கள். அட்டையில் ‘டிரம்ஸ்: ஷெர்வின்’ என்று இருந்தது. பின்பக்கம் நன்றி சொன்ன பேர்களில் கடைசியாகக் கிரண் பேர்.

“போய்ச் சொல்லுங்க. அது நீங்க தட்டினது. எங்கிட்ட சாட்சி இருக்குது, மூடி நசுங்கியிருக்குது,” என்றாள் யசோதரா.

“வேணாம் யசோ. அவன் நல்லாத்தான் அடிக்கிறான். என்னாட்டம் இல்ல. ஆனா நல்லாத்தான் இருக்குது.”

சிரில் வந்து தோளில் கைபோட்டார். “முடி வளரட்டும். அடுத்த ஆல்பத்துல நீதான்.” மனசார சொன்னார். ஆனால் பாட்டு ஓட ஆரம்பித்தது. சென்னை, புனே என்று கூப்பிட்டார்கள். போகிற இடமெல்லாம் ஜனத்துக்குப் பழகிய முகம் ஷெர்வின் முகம். முடி வளர்ந்தது. அடுத்த வருஷம் மங்கி கேப் மறுபடி மூன்று ஆல்பம் வெளியிட்டது. செகண்ட் ஷிப்ட் ஆல்பமும் அதில் இருந்தது, ஷெர்வினோடு.

அதைச் சொல்லப் பரத்தே கிரண் வீட்டுக்கு வந்தான். கிருஷ்ணம்மா சோறு போட்டாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான்.

“சாப்புடுடா. நீ இன்னா பண்ணுவ,” என்றான் கிரண்.

“நீ அந்த வாரம் ஒரே ஒரு நாளு வந்திருந்தா போதும் மச்சி.”

“எந்தப் பேருக்காவ நான் வரல, சொல்லு? ராமசாமிக்கா, ராஜப்பாவுக்கா?” என்று கிரண் சிரித்தான். பரத் சிரிக்கவில்லை.

கிருஷ்ணம்மா இப்போது யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முறை சொல்லப் போவதில்லை. யசோதராவின் டிபன் பாக்ஸ் நசுங்கிய மூடியோடு இன்னும் ஜன்னலோரம்தான் இருக்கிறது. அவள் அதை அவன் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைப்பாள். வண்டி தண்டவாளம் மாறுகிற இடத்தில் அவன் கையைப் பார்ப்பாள். எதிர் சீட்டில் ஈவ்லின் அக்கா, “ஏண்டா, இப்பல்லாம் சத்தத்தக் காணோம்? எனக்குத் தூக்கமே வரலடா,” என்று ஒரு நாள் கேட்டாள். அவன், “வயசாயிடுச்சிக்கா,” என்றான். ட்ரம் செட் பரத் வீட்டில், மேலே போர்வை போர்த்தி இருக்கிறது.

கிரண் இப்போது பாலகாட்டில் அதே லைன் வீட்டில் இருக்கிறான். அம்மா, யசோதரா, கன்னியம்மா அத்தை எல்லோரும் அவனோடுதான். கூரியர் கிடங்கில் சூப்பர்வைசர். விடியற்காலை வண்டியில் போய் ராத்திரி வண்டியில் வருகிறான்.